ஊரே மைதானத்தில் உட்கார்ந்திருக்கும் மூன்று புத்தகங்கள்

(திரையில்: இரவு, மைதான விளக்குகள், நிரம்பி வழியும் இருக்கைகள்)

வணக்கம். இந்த ஸ்டேடியத்தில் ஏறக்குறைய 19 ஆயிரம் பேர் உட்காரலாம். ஆடுகிறவர்கள் பள்ளிக்கூடப் பையன்கள். இடம், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் எண்ணெயை நம்பிப் பிழைக்கும் ஒடெஸா.

கால்பந்தும் சின்ன ஊரும் சேர்ந்த புத்தகம் வேண்டும் என்று யார் கேட்டாலும், எச்.ஜி. பிஸ்ஸிங்கர் எழுதி 1990-இல் வந்த 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்' என்றுதான் முதலில் சொல்வேன். இது அமெரிக்கக் கால்பந்து, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். விதிமுறை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கும் பாதி புரியாது.

பிஸ்ஸிங்கர் 1988-இல் பிலடெல்பியாவிலிருந்து குடும்பத்தோடு ஒடெஸாவுக்குக் குடிபோனார். பெர்மியன் பள்ளி அணியோடு ஒரு சீசன் முழுக்க இருந்தார். எண்ணெய் விலை சரிந்து ஊரில் தொழில் படுத்திருந்த நேரம் அது. வெள்ளிக்கிழமை ஆட்டம் ஒன்றுதான் ஊருக்கு மிச்சம்.

(திரையில்: ஒரு வீட்டு வாசல் புல்வெளி)

ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஓர் ஆட்டம் தோற்கிறார்கள். பயிற்சியாளர் கேரி கெய்ன்ஸ் வீட்டுக்கு வந்தால், வாசல் புல்வெளியில் 'வீடு விற்பனைக்கு' பலகைகள். ஊர்க்காரர்கள் நட்டுவைத்தவை. மூன்று அணிகள் சமநிலையில் நிற்க, அடுத்த சுற்றுக்குப் போகும் இரண்டு எவை என்பதை, நள்ளிரவில் நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தத்தில் நாணயம் சுண்டி முடிவு செய்கிறார்கள். சினிமாவுக்காகச் சேர்த்த காட்சி என்று நினைத்துவிடாதீர்கள், நிஜமாகவே நடந்தது.

ஆனால் மனதில் நிற்பது பூபி மைல்ஸ்தான். அணியின் நட்சத்திர ஓட்டக்காரர், கறுப்பினப் பையன். சீசன் தொடங்கும் முன்பே, பயிற்சி ஆட்டத்தில் முழங்கால் போய்விடுகிறது. அதுவரை தலையில் வைத்துக் கொண்டாடிய ஊர், மளமளவென்று அவரைக் கைகழுவுகிறது. படிப்பு? அதைப் பற்றி அதுவரை யாரும் கவலைப்பட்டதே இல்லை. ஊரின் நிறவெறியையும் பிஸ்ஸிங்கர் மூடி மறைக்கவில்லை.

புத்தகம் வந்ததும் ஒடெஸா கொதித்தது. மிரட்டல்கள் வந்ததால், அங்கே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப் போகவிருந்த பயணத்தையே ரத்து செய்தார். விருந்து வைத்த வீட்டைப் பற்றி வெளியே போய்ப் பேசிவிட்டான் என்ற கோபம். நியாயமான கோபமா? பாதி நியாயம் என்பேன். 2004-இல் வந்த படத்தைப் பார்த்தவர்களும் புத்தகத்தைப் படியுங்கள். படம் அதைவிட எவ்வளவோ மென்மை.

(திரையில்: இத்தாலிய மலைக் கிராமம்)

அப்புறம், நாம் கால்பந்து என்று சொல்லும் கால்பந்து. இத்தாலியின் அப்ரூஸோ மலைப்பகுதியில் காஸ்டல் டி சாங்ரோ. மக்கள்தொகை 5,000-ஐ ஒட்டி. இந்த ஊர் அணி 1996-இல் நாட்டின் இரண்டாம் பிரிவான சீரீ பி-க்கு ஏறியது. அமெரிக்க எழுத்தாளர் ஜோ மெக்கின்னிஸ் கிளம்பி வந்து, அந்த சீசனை அங்கேயே கழித்தார். எழுதியது 'தி மிராக்கிள் ஆஃப் காஸ்டல் டி சாங்ரோ', 1999. சிரிக்கச் சிரிக்கப் போகும். இவரே பயிற்சியாளருக்கு யாரை இறக்கலாம் என்று பாடம் எடுப்பார், எரிச்சலாகவும் வரும். நடுவில் இரண்டு வீரர்கள் கார் விபத்தில் இறந்துபோகிறார்கள். கடைசி ஆட்டத்தை அணி விட்டுக்கொடுத்தது என்று ஆசிரியரே குற்றம் சாட்டுகிறார். நண்பர்களாக இருந்தவர்களோடு கசப்பில் முடிகிறது. இங்கேயும் அதே கதை பாருங்கள்.

மூன்றாவது நாவல். ஜே.எல். கார், 1975, 'ஹவ் ஸ்டீப்பிள் சிண்டர்பி வாண்டரர்ஸ் வன் தி எஃப்.ஏ. கப்'. இங்கிலாந்தில் ஒரு கிராமத்து அணி நாட்டின் பெரிய கோப்பையை ஜெயிக்கிறது. முடிவைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார், மனுஷனுக்கு அவ்வளவு தைரியம்! கதை சொல்பவர் வாழ்த்து அட்டைகளுக்குக் கவிதை எழுதிப் பிழைப்பவர். காரே இளமையில் ஒரு கிராமத்து அணிக்கு ஒரு சீசன் ஆடியவர். குழுக் கூட்டத்துச் சச்சரவு, சேற்று மைதானம், யார் பேச்சை யார் கேட்பது என்ற பஞ்சாயத்து எல்லாம் உள்ளே இருந்தவர் எழுத்து. ஊரும் கற்பனை என்பதால் சண்டைக்கு வர ஆளில்லை.

எதில் தொடங்கலாம்? கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது என்றால் கார், ஒல்லிப் புத்தகம். இரண்டு வாரம் ஒதுக்க முடிந்தால் ஒடெஸாவுக்குப் போங்கள்.