கால் கிலோ அலுமினியமும் ஒரு கையெழுத்துத் தாளும்

(திரையில்: மேசைமேல் ஒரு கருப்பு உலோகத் துண்டு. அளவு தெரிய, பக்கத்தில் ஒரு டீ டம்ளர்.)

இந்தத் துண்டைப் பாருங்கள். குழல் இல்லை, விசை இல்லை. கையில் எடுத்தால் ஏறக்குறைய கால் கிலோ. இதைக் காட்டி யாரையாவது மிரட்டினால் சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் அமெரிக்கச் சட்டத்தின் கண்ணுக்கு இதுதான் துப்பாக்கி. பெயர் லோயர் ரிசீவர், ஏஆர்-15 ரைஃபிளின் அடிப்பாகம். பக்கவாட்டில் பொறித்திருக்கிறதே சீரியல் நம்பர், அதுதான் இதற்கு ஆதார் எண்.

குழல், ஸ்டாக் (தோளில் அணைக்கும் கட்டை), போல்ட் (குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) எல்லாம் ஃபெடரல், அதாவது மத்தியச் சட்டத்துக்கு வெறும் உதிரிபாகங்கள். ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். இந்தத் துண்டை வாங்க மட்டும் லைசென்ஸ் உள்ள டீலரிடம் போய், 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனையைத் தாண்ட வேண்டும். அப்புறம் சமையலறை மேசையிலேயே உட்கார்ந்து மற்றதைப் பூட்டிக்கொள்ளலாம். 1968 சட்டப்படி, துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லாத ஒருவர் விற்பதற்கு அல்லாமல் தனக்கென்று ரைஃபிள் செய்துகொள்ள லைசென்ஸ் தேவையில்லை. குழல் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் 1934ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குறுக்கே வரும்.

சரி, இது நாடு முழுமைக்குமான கணக்கு. அதன்மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் பூட்டைப் போடுகிறது. கலிஃபோர்னியாவில் கைப்பிடி விசைக்குக் கீழே எப்படி நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதுவரை சட்டம் பார்க்கும். பக்கத்து மாநிலமான நெவாடாவில் அதைக் கேட்க ஆள் இல்லை. நாம் இன்று பார்க்கப்போவது வடமேற்கு மூலையில் உள்ள வாஷிங்டன் மாநிலம். காரணம், அங்கே ரைஃபிளின் கதையும் மனுவின் கதையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன.

(திரையில்: கடை வாசல். மடக்கு மேசை, பேனா, பெரிய தாள்.)

அரசிடம் குறை சொல்லி மனுக் கொடுக்கும் உரிமை அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்திலேயே இருக்கிறது. மனுவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டால்? அந்த உரிமை அதற்குமேல் எதையும் கட்டாயப்படுத்தாது. வாஷிங்டனில் இன்னொரு வழியும் உண்டு: இனிஷியேட்டிவ். கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 8 சதவீதம் அளவுக்குக் கையெழுத்துச் சேர்த்தால், மக்களே எழுதிய சட்டம் நேராக வாக்குச்சீட்டுக்குப் போகும். கையெழுத்துப் போடுகிறவர் வாக்காளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். அதனால் பெல்வியூவிலும் ரெட்மண்டிலும் எச்-1பி விசாவில் இருக்கும் நம்மவர்களை அந்த மேசைக்காரர் கூப்பிட்டால் புன்னகையோடு நகர்ந்துவிட வேண்டியதுதான்.

2018இல் அந்த மேசைகளில் இருந்த தாள் இனிஷியேட்டிவ் 1639. செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் (விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு, அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும்) வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்றது. தேவைப்பட்ட கையெழுத்து 2,59,622. வந்து குவிந்ததோ 3,60,000க்கும் மேல்.

சிக்கல் தாளின் பின்பக்கத்தில் இருந்தது. முன்மொழியும் சட்டம் முழுவதையும் வாசிக்கிற மாதிரி அச்சிட வேண்டும் என்பது விதி. நீண்ட சட்டத்தை ஒரு பக்கத்தில் அடக்கியதில், எழுத்துகள் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிட்டன. பழைய சட்டத்தில் எதை நீக்குகிறோம், எதைச் சேர்க்கிறோம் என்று காட்டும் கோடுகளும் இல்லை. துப்பாக்கி உரிமை அமைப்புகள் வழக்குப் போட்டன. ஆகஸ்ட் 17 அன்று தர்ஸ்டன் கவுன்டி நீதிபதி அவர்கள் பக்கம் நின்றார். நல்ல கண்பார்வை உள்ள தன்னாலேயே வாசிக்க முடியவில்லை என்று சொல்லி, மொத்தக் கையெழுத்தையும் செல்லாது என்றார்.

ஒரே வாரம். ஆகஸ்ட் 24 அன்று மாநில உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. இந்தக் காரணத்துக்காக மனுவை நிறுத்தும் கடமையைச் சட்டம், மனுக்களைச் சரிபார்க்கும் மாநிலச் செயலருக்குக் கொடுக்கவில்லை என்பது அதன் வாதம். நவம்பரில் சுமார் 59 சதவீத ஆதரவோடு அது சட்டமானது. என்னைக் கேட்டால், அந்த நீதிபதியின் எரிச்சலில் நியாயம் இருந்தது. படிக்க முடியாத தாளில் போட்ட கையெழுத்துக்கு என்ன பொருள்? ஆனால் அச்சடித்தவர் தவறுக்கு லட்சக்கணக்கான பேரின் கையெழுத்தைக் குப்பையில் போடுவதும் சரியாகப் படவில்லை.

(திரையில்: மாநிலத் தலைநகர் ஒலிம்பியா, சட்டமன்றக் கட்டடத்தின் குவிமாடம்.)

அடுத்த திருப்பம் சட்டமன்றத்திலிருந்து வந்தது. 2022இல் சீரியல் நம்பர் இல்லாத துப்பாக்கிகளுக்குக் கடிவாளம். 2023 ஏப்ரல் 25 அன்று அப்போதைய ஆளுநர் ஜே இன்ஸ்லீ எச்பி 1240 என்ற மசோதாவில் கையெழுத்திட்டார். ஏஆர்-15 போன்ற ரைஃபிள்களைச் செய்வதும் விற்பதும் மாநிலத்துக்குள் கொண்டுவருவதும் அன்றே நின்றன. உதிரிகளாக வாங்கி வைத்துத் தப்பிக்கவும் வழியில்லை. பூட்டினால் அந்த ரைஃபிள் ஆகிவிடக்கூடிய பாகங்கள் ஒரே ஆளிடம் இருந்தால், அந்தத் தொகுப்பையும் சட்டம் துப்பாக்கியாகவே எண்ணுகிறது. கிழக்கே ஸ்போகேனிலிருந்து அரை மணி நேரம் காரில் போனால் ஐடஹோ. அங்கே இந்தத் தடை இல்லை. ஆனாலும் வாஷிங்டன்காரருக்கு அவர் மாநிலம் தடுத்ததை அங்குள்ள டீலர் விற்க முடியாது.

இதை எதிர்த்தவர்கள் ரெஃபரண்டம் கேட்கலாமே என்று தோன்றும். சட்டமன்றம் நிறைவேற்றியதை 4 சதவீதக் கையெழுத்தோடு மக்கள் வாக்குக்கு இழுக்கும் வழி அது. எச்பி 1240இன் கடைசியில் ஒரு வாக்கியம் இருக்கிறது. பொது அமைதி, ஆரோக்கியம், பாதுகாப்பை உடனே காக்க இச்சட்டம் தேவை என்பது அதன் சாரம். சம்பிரதாய வரி போலத் தெரியும். மாநில அரசியல் சாசனப்படி அந்த வரி உள்ள சட்டத்துக்கு ரெஃபரண்டம் கிடையாது. 2018இல் மக்கள் நுழைந்த கதவுக்குப் பக்கத்துக் கதவு, ஐந்து வருடம் கழித்து ஒரு வரியில் சாத்தப்பட்டது. இனிஷியேட்டிவ் கதவு திறந்தே இருக்கிறது, ஆனால் அதற்கு 8 சதவீதம் வேண்டும்.

மற்றபடி ஒலிம்பியா போய்க் குரல் கொடுக்கலாம். கமிட்டி விசாரணைக்கு முன் ஆன்லைனில் ஆதரவு, எதிர்ப்பு என்று பெயர் பதியலாம். அந்த எண்ணிக்கை உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தாது. முன்பெல்லாம் ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டே அந்தப் புல்வெளியில் கூடினார்கள். 2021 முதல் சட்டமன்ற வளாகத்தில் துப்பாக்கியை வெளியே தெரிய ஏந்தி வரத் தடை.

(திரையில்: மறுபடி அந்தக் கருப்புத் துண்டு. இம்முறை முழு ரைஃபிளாக, ஒரு பூட்டிய பெட்டிக்குள்.)

2023 தடைக்கு முன்பே பூட்டி முடித்த ரைஃபிள் வைத்திருப்பவர் அதை வைத்துக்கொள்ளலாம். அவர் இறந்தால் வாரிசுக்குப் போகும். ஆனால் அந்த மகளோ மகனோ அதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்க முடியாது.