மீனுக்கு என்ன வயது?

நேயர்களுக்கு வணக்கம். ஹட்டனிலோ நோர்வூட்டிலோ மீன் வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பார்கள், எடையைப் பார்ப்பார்கள், பூவை, அதாவது செவுளை, விரித்தும் பார்ப்பார்கள். மீனின் வயதை மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறேன். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் நம் பிள்ளைகள் காலத்திலும் மீன் கிடைக்குமா என்று தெரிய வேண்டுமானால், இருக்கிற மீனில் முட்டையிடும் பருவத்துக்கு வந்தவை எவ்வளவு, ஆண் எவ்வளவு, பெண் எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும்.

சரி, பெரிய மீன் என்றால் வயதானது, சின்ன மீன் என்றால் குஞ்சு, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பீர்கள். தேயிலைச் செடியை எண்ணிப் பாருங்கள். கவ்வாத்து வெட்டி வெட்டி இடுப்பளவிலேயே நிற்கிறது. அந்த உயரத்தைப் பார்த்து அதற்கு ஐந்து வயது என்று யாராவது சொல்வோமா? அடிமரத்தை அல்லவா பார்ப்போம்! மீனும் அப்படித்தான். நெருக்கடியான தண்ணீரில் திலாப்பியா வளராமல் நின்றுவிடும். ஆனால் உள்ளங்கை அளவிலேயே முட்டை போடத் தொடங்கிவிடும்.

காசல்ரீ கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "இதெல்லாம் குஞ்சுங்க ஐயா, இன்னும் ரெண்டு மாசம் விட்டா பெருசாயிரும்" என்று கையளவு மீன் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "வாயைத் திறந்து பாருங்க அண்ணே" என்றேன். திறந்தார். உள்ளே மஞ்சள் மஞ்சளாக முட்டை! வள்ளத்தின் அடியிலும் கொஞ்சம் சிதறிக் கிடந்தது. வலையில் மாட்டிய தாய் பதறித் துப்பிவிடுவது உண்டு. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இது அம்மாவா?" என்று கேட்டார்.

அம்மாதான். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியாவில் பெண்தான் முட்டையை வாயில் வைத்து அடைகாக்கும், பொரித்த குஞ்சையும் வாயிலேயே காக்கும். அந்த நாட்களில் அது இரை எடுப்பது மிகக் குறைவு. உண்ணாத உடம்பு எப்படி வளரும்? அதனால்தான் ஒரே வயதில் ஆண் பெரிதாகவும் பெண் சிறிதாகவும் இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கறுத்து, தாடைக்குக் கீழே வெளுத்து, துடுப்பு ஓரம் சிவந்து நிற்கும். மற்ற வேளைகளில் வயிற்றின் பின்பக்கத் துவாரங்களைப் பார்த்துச் சொல்லலாம்: ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு மூன்று. அளவைப் பார்த்து வயதைச் சொல்லாதீர்கள், திரும்பவும் சொல்கிறேன், அளவு வயதல்ல.

பிறகு வயதை எப்படித்தான் அறிவது? செதிலில் வளையங்கள் உண்டு. வளர்ச்சி மந்தமானால் வளையங்கள் நெருங்கும். குளிர் நாடுகளில் பனிக்காலந்தோறும் இப்படி ஒரு நெருக்கம் விழும். அதை எண்ணினால் வயது. 1759இலேயே சுவீடனில் ஹெடர்ஸ்ட்ராம் என்ற பாதிரியார் மீனின் முள்ளெலும்பு வளையத்தை எண்ணி வயது சொன்னார். நமக்கு மலையில் குளிர் இருந்தாலும் பனிக்காலம் கிடையாது. நீர்த்தேக்கம் வற்றினாலும் வளையம் விழும், முட்டையிட்ட களைப்பிலும் விழும். உதிர்ந்து புதிதாக முளைத்த செதிலில் நடுப்பகுதி வெறுமையாகவே இருக்கும். ஆகவே ஒரு செதிலை மட்டும் நம்பக் கூடாது, பல செதில்களைப் பார்க்க வேண்டும்.

இதைவிட நல்ல சாட்சி காதுக்குள் இருக்கிறது. ஆமாம், மீனின் தலைக்குள் உட்காதில் சுண்ணக் கற்கள் இருக்கின்றன. மீன் பட்டினி கிடந்தால் செதிலின் ஓரம் கரைந்துபோகலாம்; இந்தக் கல் பெரும்பாலும் கரையாது. நாளுக்கு ஒரு நுண்ணிய வளையமாக அதில் படிகிறது என்று 1971இல் பன்னெல்லா என்ற ஆய்வாளர் காட்டினார். கல்லைத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் இளம் மீனுக்கு இத்தனை நாள் என்றே சொல்லலாம். பனிக்காலம் இல்லாத நம்மைப் போன்ற நாடுகளுக்கு இது பெரிய வரம். அடுத்த முறை மீன் தலை ஆய்ந்தால், அந்த வெள்ளைக் கல்லை எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

மீனைக் கொல்லாமலும் வழி உண்டு. வலையில் வருவதையெல்லாம் நீளம் அளந்து குறித்தால், ஒரே பருவத்தில் பிறந்தவை ஏறக்குறைய ஒரே நீளத்தில் கூடி நிற்கும்; அப்படி ஒரு கூட்டத்தை ஒரே வயதாகக் கொள்ளலாம். ஆனால் ஒரே கண்ணளவு வலையை மட்டும் போட்டால், அந்தக் கண்ணுக்கு ஏற்ற மீன் மட்டுமே வந்து நம்மை ஏமாற்றிவிடும்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கைகாட்டுகிறார்கள். சிறுத்தைக்கும் மரை என்ற பெரிய மானுக்கும் வயதையும் ஆண் பெண்ணையும் எப்படி அறிவது என்று சொல்லக் கொஞ்ச நேரம்தான் மிச்சம். ஹோர்ட்டன் சமவெளி மரைக்குக் கொம்பின் கிளைகளை எண்ணி வயது சொல்ல முடியாது. வளர்ந்த ஆணுக்குப் பெரும்பாலும் மூன்று கிளைகளோடு நின்றுவிடும். கொம்பு உதிர்ந்திருந்தால் தூரத்தில் ஆணும் பெண் போலத் தெரியும். சிறுத்தையில் ஆணுக்குத் தலை அகலம், கழுத்து தடிப்பு. பல்லின் தேய்வும் மஞ்சளும் வயதைக் காட்டும். தேயிலை மலை ஓரம் சுருக்குக் கம்பியில் சிறுத்தை மாட்டினால் "ஒன்று செத்தது" என்று எழுதிவிட்டுப் போகிறோம். குட்டிகள் ஒன்றரை வருடம், இரண்டு வருடம் வரை தாயோடுதான் திரியும். செத்தது பெண்ணா, பால் கொடுத்துக்கொண்டிருந்ததா என்று கட்டாயம் பார்த்து எழுத வேண்டும். வணக்கம்.