பிள்ளைகளின் துப்பறியும் கதை ஏன் பாதியில் படுத்துவிடுகிறது?

அடுத்த கேள்வி திருகோணமலையில் இருந்து ஒரு ரீச்சர் அனுப்பியது. தரம் 8 பிள்ளைகள் சேர்ந்து வகுப்புக் கையெழுத்துச் சஞ்சிகைக்கு ஒரு துப்பறியும் கதை எழுதியிருக்கிறார்களாம். அங்குள்ள டச்பே கடற்கரையில் நின்ற வள்ளத்தின் எஞ்சின் இரவோடு இரவாகக் காணாமல் போகிறது. நான்கு பிள்ளைகள் தேடுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் கொழும்பில் இருந்து வந்த ஒரு ஆள்தான் கள்ளன் என்று தெரிகிறது. “கடைசி வரைக்கும் எதையும் வெளியே விடாமல்தான் எழுதினார்கள். ஆனாலும் மற்றப் பிள்ளைகள் பாதியிலேயே மூடி வைத்துவிட்டார்கள், ஏன்?” என்று கேட்கிறார்.

ரீச்சர், எதையும் வெளியே விடாததுதான் காரணம். துப்பறியும் கதை வாசிக்கிற பிள்ளை தானும் கூடவே துப்பறிய வருகிறது. அதன் கையில் ஒன்றும் கொடுக்காவிட்டால் அது என்ன செய்யும்? கொட்டாவி விடும். அதுவும் அந்தக் கொழும்பு ஆள் அதுவரை கதையில் தலையே காட்டவில்லை. ரொனால்ட் நொக்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். முதல் விதியே குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வந்திருக்க வேண்டும் என்பதுதான். துப்பறிபவர் கண்ட தடயத்தை வாசகருக்கும் காட்ட வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. மற்ற விதிகளைப் பிள்ளைகள் மறந்தாலும் பரவாயில்லை, இந்த இரண்டும் போதும்.

தடயத்தைக் காட்டவும் வேண்டும், அது தடயம் என்று தெரியவும் கூடாது. எப்படி? உங்கள் ஊர்க் கதையையே எடுப்போம், கொழும்பு ஆளை விட்டுவிட்டுத் தேத்தண்ணிக் கடைக்காரரைக் கள்ளனாக வைப்போம். ஆடி மாதம், கச்சான் காற்று அடிக்கிறது. அம்மம்மா முற்றத்தில் காயப்போட்ட சேலை பறந்துபோய்க் கடலில் விழுகிறது. பேரன் இடுப்பளவு தண்ணீரில் ஓடிப்போய்ப் பிடிக்கிறான், அம்மம்மா கச்சானையும் பேரனையும் சேர்த்துத் திட்டுகிறார். வாசிக்கிற பிள்ளை சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். மூன்று அத்தியாயம் தள்ளி, வள்ளத்துக்குள் வைத்திருந்த எஞ்சின் ரசீது தேத்தண்ணிக் கடைக்காரரிடம் இருப்பதைப் பிள்ளைகள் காண்கிறார்கள். “அன்றைக்குக் கரையில் கிடந்திருக்கும் தம்பி, காற்று தூக்கி வந்து என் கடை வாசலில் போட்டது” என்கிறார் அவர். கடை தெருப் பக்கம் இருக்கிறது. கச்சானோ உங்கள் பக்கம் தரையில் இருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. பிறகு ரசீது எப்படிக் கரையில் இருந்து கடைக்குப் பறக்கும்? திருகோணமலைப் பிள்ளை சட்டென்று பிடித்துவிடும். கச்சானைத் தெரியாத கண்டிப் பிள்ளைக்கும் சேலை எந்தப் பக்கம் பறந்தது என்று தெரியும். அது பக்கத்தைப் பின்னால் புரட்டிப் பார்க்கும் பாருங்கள், அந்த இடத்தில் கதை வென்றுவிட்டது.

எரிக் கெஸ்ட்னர் என்ற ஜெர்மானியர், அவரும் அதே 1929இல், ஒரு சிறுவர் நாவலில் இதை அழகாகச் செய்திருக்கிறார். எமில் என்ற பையன் 140 மார்க் பணத்தோடு ரயிலில் போகிறான். தொலைந்துவிடும் என்று பயந்து, பணத்தைக் கோட்டுப் பைக்குள் ஊசியால் குத்தி வைக்கிறான். அதை நாம் பார்க்கிறோம், பார்த்துவிட்டு மறந்தும்விடுகிறோம். கடைசியில் அது அவனுடைய பணம்தான் என்று நிரூபிப்பது தாளில் இருக்கும் அந்த ஊசித் துளைகள்.

சரி, இது துப்பு. பதற்றம் என்பது வேறு. பாத்திரத்துக்குத் தெரியாத ஒன்று வாசகருக்குத் தெரியும்போதுதான் அது வரும். அந்த ரசீதைப் பையில் போட்டுக்கொண்டு நான்கு பேரும் உங்கள் ஊர்ப் பிரட்றிக் கோட்டைக்குள் மரத்தடியில் உட்காருகிறார்கள். பைக்குள் ஒரு வாழைப்பழமும் இருக்கிறது. யார் கள்ளன் என்று வாய்ச்சண்டை. பின்னால் ஒரு மான் வருகிறது. கோட்டைக்குள் திரிகிற மான்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பழம் பேப்பர் என்று பேதம் பார்க்காது. மான் பைக்குள் மூக்கை விடுகிறது. இவர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். ஒரு பக்கம் முழுக்க இதை இழுக்கலாம், ஒரு பிள்ளையும் புத்தகத்தைக் கீழே வைக்காது. துப்பாக்கியும் வேண்டாம், பேய் பங்களாவும் வேண்டாம்.

அத்தியாய முடிவில் கதவு கிரீச் என்று திறக்க, அடுத்த அத்தியாயத்தில் அது பூனையாகப் போவது இருக்கிறதே, அதை ஒருமுறை மன்னிக்கலாம். இரண்டாவது பூனைக்கு வாசகர் எழும்பிப் போய்விடுவார்.

இன்னொன்று, எஞ்சின் போனால் வள்ளத்தின் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு நட்டம், அவ்வளவுதான். ஆனால் அவரிடம் வேலைக்கு நிற்கும் ஒரு அண்ணன்மேல் பழி விழுந்து, அந்த அண்ணனை அன்றிரவு மெயில் ரயிலில் ஊருக்கு அனுப்பப்போகிறார்கள் என்று வையுங்கள். இப்போது தேடுவதற்கு ஒரு அவசரம் வந்துவிட்டது. பெரியவர்கள் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டதால், பிள்ளைகள் ஏன் அவர்களிடம் போகாமல் தாங்களே தேடுகிறார்கள் என்பதற்கும் காரணம் கிடைத்துவிட்டது.

திருத்தி எழுதிய பிறகு கதையைக் கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்தி, வேறு வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள். கள்ளன் யார், எதை வைத்துச் சொல்கிறாய் என்று ஒவ்வொருவரையும் துண்டில் எழுதச் சொல்லுங்கள். எல்லோரும் சரியாக எழுதினால் சேலைக் காட்சியை இன்னும் கொஞ்சம் சிரிப்புக்குள் ஒளியுங்கள். ஒருவருமே எழுதாவிட்டால், சேலை கடலில் விழுந்ததை அம்மம்மா இன்னொரு தடவை சொல்லிப் புலம்பட்டும்.