கேட்டை எண்ணுறதா, அடுப்பை எண்ணுறதா

வணக்கம் நேயர்களே. உங்க ஏரியா சங்கத்தைப் பத்தி வந்து பேசுங்கன்னு நிலையத்துல கூப்பிட்டதும் வீட்ல எல்லாரும் சிரிச்சாங்க, சந்தா கேட்டுப் போனா கதவையே தொறக்காதவங்க ரேடியோவுல பேசினா மட்டும் கேப்பாங்களான்னு. சரி, கதவுதான் தொறக்கல, ரேடியோவாவது தொறந்திருக்கும்னு வந்துட்டேன்.

நான் இருக்குறது சென்னைக்குத் தெற்கால ஒரு நகர்ல. 2011-ல சுத்துப்பட்டுல இருந்த 42 உள்ளாட்சிகளை மாநகராட்சியோட சேத்து, 174 சதுர கிலோமீட்டரா இருந்த சென்னையை 426 ஆக்கினாங்க இல்லையா, அப்போ உள்ள வந்த ஏரியா. அதுக்கு அடுத்த வருஷம் அங்க வாடகைக்குப் போனேன். தெருமுனையில நீலக்கலர் போர்டு, குடியிருப்போர் நலச் சங்கம்னு கொட்டை எழுத்துல, கீழ பதிவு எண். அந்த மாசமே மொட்டை மாடியில மீட்டிங்னு நோட்டீஸ் வந்துச்சு. நாமதான் குடியிருக்கோமேன்னு போய் பிளாஸ்டிக் சேர்ல உக்காந்தேன். பக்கத்துல ஒரு பெரியவர், "சார் எந்த வீடு?"ன்னார். மாடி போர்ஷன்னேன். "ஓ டெனன்டா, பரவால்ல, டீ சாப்பிட்டுப் போங்க"ன்னார். ரொம்ப மரியாதையாத்தான் சொன்னார், அதுல குறை சொல்ல முடியாது.

அன்னைக்குக் கோவம்தான் வந்துச்சு. அப்புறம் பழைய மினிட்ஸ் நோட்டெல்லாம் பாத்தப்போதான் ஏன் இப்படின்னு புரிஞ்சுது. இந்த மாதிரி நகர்ல பல இடத்துல வீட்டுக்கு முன்னாடியே சங்கம் வந்துடும். லேஅவுட் போட்டு மனை வித்துட்டு புரமோட்டர் போயிடுவார், ரோடு மண்ணா கிடக்கும், தெரு விளக்கு இருக்காது, மனை வாங்கினவங்க ஒண்ணா சேந்து மனு எழுதினாத்தான் கரண்ட் கம்பமே வரும். 1975-ஆம் வருஷத்து சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தா போதும், மாவட்டப் பதிவாளர்கிட்ட பதிஞ்சுடலாம். அந்த ஏழு பேரும் மனைக்காரங்க, அதனால பைலாவுலயும், அதாவது சங்கத்து விதியிலயும், மனை அல்லது வீட்டு உரிமையாளர்தான் உறுப்பினர்னு எழுதிட்டாங்க. பார்க்குக்குன்னு விட்ட ஓஎஸ்ஆர் இடத்துல எவனாவது வேலி போட்டா அலைஞ்சு மீட்டதும் அவங்கதான். நமக்கு நாமே திட்டத்துல மக்கள் பங்கு மூணுல ஒண்ணு கட்டணும், அதுக்குக் கையை விட்டுக் காசு போட்டதும் அவங்கதான். டெனன்டுக்கு என்ன சார், 11 மாச அக்ரிமென்ட், முடிஞ்சா லாரி ஏத்திட்டுப் போயிடுவான்னு அவங்க கேக்குறதுல நியாயமே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா சென்னையிலயே வேற மாதிரியும் நடந்திருக்கு. 1989-ல நிர்மல்னு ஒரு பேங்க் அதிகாரி எக்ஸ்னோராங்குற அமைப்பை ஆரம்பிச்சார், நம்ம வயசுக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும். தெருவுக்குத் தெரு சிவிக் எக்ஸ்னோரான்னு ஒரு கிளை, ஒரு மூணு சக்கர சைக்கிள் வண்டி, குப்பை பொறுக்கிட்டு இருந்தவங்களையே சம்பளத்துக்கு வச்சு தெருவை அழகு பண்றவங்கன்னு மரியாதையா ஒரு பேரு, வீட்டு வாசல்லயே வந்து குப்பையை வாங்கிப்பாங்க, மாசம் வீட்டுக்கு ஏதோ சின்னத் தொகை. எனக்கு அதுல பிடிச்சது என்னன்னா காசு கேட்டு வந்தவங்க யாரும் பத்திரம் யார் பேர்ல இருக்குன்னு கேக்கல, குப்பை போடுற வீடா இருந்தா சந்தா, அவ்ளோதான்.

எங்க நகர் கதைக்கு வர்றேன். 2015 டிசம்பர் 1 ராத்திரி. சென்னைக்காரங்களுக்கு அந்தத் தேதியைச் சொன்னாலே போதும். தண்ணி முழங்காலுக்கு மேல போனதும் சங்கத்துல இருந்த லிஸ்டை எடுத்து ஒவ்வொரு நம்பரா போட ஆரம்பிச்சாங்க. ஒருத்தர் பெங்களூர்ல எடுக்குறார், ஒருத்தர் நியூ ஜெர்சியில, ரெண்டு பேர் காலமாகியே வருஷமாச்சு. எல்லாம் ஓனர் நம்பர், அந்த வீட்ல இப்போ யார் படுத்திருக்காங்கன்னு லிஸ்டுல இல்ல. அப்போ யார் உதவினாங்க தெரியுமா, எங்க தெருமுனையில வண்டி போட்டிருக்குற அயர்ன்காரர். 9-ஆம் நம்பர் பின் போர்ஷன்ல ஒரு பாட்டி தனியா இருக்காங்க காது கேக்காது கதவைத் தட்டாதீங்க ஜன்னல்ல டார்ச் அடிங்க, 22-ல கைக்குழந்தை, 31 பூட்டின வீடுன்னு இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு கடகடன்னு சொல்றார். துணி வாங்க வாசல் வாசலா போறவர் இல்லையா. அவரும் பின்னாடி தெருவுல வாடகைக்கு இருக்குறவர்தான், சங்கத்துல மெம்பர் கிடையாது.

அடுத்த வருஷம் கடனை உடனை வாங்கி அதே நகர்ல ஒரு ஃபிளாட் வாங்கினேன். பத்திரம் பதிஞ்ச கையோட என்னைச் செயற்குழுவுல போட்டுட்டாங்க. நாலு வருஷமா அதே ஆள் அதே தெருவுலதான் நடந்துட்டு இருந்தேன், அப்போ டீ மட்டும், இப்போ டீயோட பட்டர் பிஸ்கட்டும்.

2019 கோடை வந்துச்சு. போர்வெல்ல எல்லாம் காத்துதான் வருது, லாரித் தண்ணியைத் தெருமுனை டேங்க்ல நிரப்புவாங்க, சில நாள் ராத்திரி 2 மணிக்கு. சண்டை வரக்கூடாதுன்னு சங்கம் ஒரு ரூல் போட்டுச்சு, கேட்டுக்கு எட்டுக் குடம்னு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா 14-ஆம் நம்பர்ல ஒரே கேட், உள்ள நாலு போர்ஷன், ஆளுக்கு ரெண்டு குடம். எதிர்ல தனி வீடு, புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேர், எட்டுக் குடம். மூணு நாள் பொறுத்தாங்க, நாலாம் நாள் பின் போர்ஷன்ல தையல் மிஷின் வச்சிருக்குற அக்கா குடத்தை டங்குன்னு கீழ வச்சுட்டு, "சார், கேட்டை எண்ணாதீங்க, அடுப்பை எண்ணுங்க"ன்னாங்க.

என்னால பதில் பேச முடியல. அக்காவே ஒரு நாப்பது பக்க நோட்டுல மூணாவது தெருவுல எத்தனை அடுப்பு, எத்தனை பேர், யார் வீட்ல நோயாளின்னு எழுதிட்டு வந்தாங்க. சங்கக் கணக்குல அந்தத் தெருவுல 26 உறுப்பினர், அக்கா நோட்டுல 61 அடுப்பு. மறுநாள்ல இருந்து அந்த நோட்டை வச்சுத்தான் குடம் நிரம்புச்சு.

மழை வந்ததும், பைலாவை மாத்தி வாடகைக்காரங்களையும் சேக்கலாம்னு நான் பேச்செடுத்தேன். பைலா மாத்தணும்னா ஸ்பெஷல் ரெசல்யூஷன் போட்டு பதிவாளர்கிட்ட தாக்கல் பண்ணணும், சும்மா கை தூக்கினா ஆகாது. மொத தடவை தோத்துப் போச்சு. எதிர்த்து வாட்சப்ல நீளமா மெசேஜ் போட்டவங்கள்ல பாதி பேர் தெருவைப் பாத்தே பல வருஷமாச்சு. அப்புறம் ஒரு வழியா, பைலாவைத் தொடாம தெருவுக்கு ஒரு பொறுப்பாளர், அவங்க ஓனரா இருக்கணும்னு அவசியமில்லன்னு தீர்மானம் போட்டோம். அக்கா கையில ரசீது புக் போச்சு. நாங்க சந்தாவுக்குப் போனா சில்லறை இல்ல அப்புறம் வாங்கன்னு அனுப்புறவங்க, அக்கா ஜாக்கெட் கொடுக்கப் போறப்பவே கேட்டா குடுத்துடுறாங்க.

2022-ல, அந்தந்த ஏரியா மக்களே உக்காந்து தங்க பிரச்சினையைப் பேசுறதுக்கு ஏரியா சபா, வார்டு கமிட்டின்னு அரசாங்கம் விதி கொண்டு வந்துச்சு, சென்னையில 200 வார்டுக்கும் உண்டு. அந்த ஏரியா வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா போதும், ஓனரா டெனன்டான்னு கேள்வி கிடையாது. நல்ல விஷயம். ஆனா அக்காவுக்கு ஓட்டு இன்னும் விருத்தாசலம் பக்கம் சொந்த ஊர்ல இருக்கு, மாத்துங்கன்னு நானும் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன், ஊர்ல இருந்து பேரை எடுத்துட்டா அப்புறம் ஊரே இல்லாத மாதிரி ஆயிடும் சார்னு சொல்லிட்டாங்க. அதுக்கும் என்கிட்ட பதில் இல்ல.

போன மாசம் 14-ஆம் நம்பரை இடிச்சு ஃபிளாட் கட்டப் போறாங்கன்னு நாலு போர்ஷனையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அக்கா மிஷினைத் தட்டுவண்டியில ஏத்திக்கிட்டு மடிப்பாக்கம் பக்கம் போயிட்டாங்க. அந்தப் பெரியவர், அதே டீ பெரியவர், "நான் அன்னைக்கே சொல்லல, போயிடுவாங்கன்னு?"ன்னார். ஆமா, போயிட்டாங்க. போறதுக்கு முன்னாடி ரசீது புக்கையும் அடுப்பு நோட்டையும் எங்க வீட்டு வாசல்ல வந்து கொடுத்துட்டுத்தான் போனாங்க, பாக்கி 340 ரூபாய் எந்தெந்த வீட்ல நிக்குதுன்னு கடைசிப் பக்கத்துல எழுதி.

நோட்டு இப்போ என் மேஜை மேல இருக்கு. நேத்து அயர்ன்காரர் சொன்னார், 17-ஆம் நம்பர் மாடிக்குப் புதுசா ஒரு குடும்பம் வந்திருக்காம், அந்தப் பொண்ணு வந்த மறுநாளே அடைச்சிருந்த மழைநீர் வடிகாலை போட்டோ எடுத்து மாநகராட்சியோட 1913 நம்பருக்கு கம்ப்ளைன்ட் பண்ணிடுச்சாம். ஞாயித்துக்கிழமை போய்ப் பாக்கணும்.