உயரக்கோல் பிரிக்கும், ஓடம் சேர்க்கும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவை நிறைந்திருக்கும் பெரியோரே, தாய்மாரே, சொன்ன பேச்சுக் கேட்காமல் நடைபாதையில் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"குடும்பத்தோடு கழிக்கும் வாரஇறுதிக்குப் பெரிதும் மகிழ்ச்சி தருவது ரோலர் கோஸ்டரா, நீர்ச் சவாரியா?" இது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் உயரத்தைச் சொன்னார், வேகத்தைச் சொன்னார், தலைகீழாகத் தொங்குவதன் சுகத்தைக்கூடச் சொன்னார். கேட்கவே எனக்குத் தலை சுற்றியது. ஆனால் தலைப்பில் இருக்கிற குடும்பத்தை அவர் பேச்சில் கடைசிவரை காணோம். எங்கே போனது என்று எனக்குத் தெரியும். வாசலில் பைகளைக் காவல் காத்துக்கொண்டு நிற்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன், நடுவர் அவர்களே. எட்டுப் பேர் கிளம்பி வருகிறார்கள். பெரிய கோஸ்டரின் வாசலில் ஓர் உயரக்கோல் நிற்கிறது. சில ரைடுகளுக்கு 120 சென்டிமீட்டர், சிலவற்றுக்கு 140. கடைக்குட்டி போய் நிற்கிறான். குதிகாலைத் தூக்குகிறான். முடியைக் கோதி நிமிர்த்துகிறான். அங்கே நிற்கும் பணியாளர் ஆயிரம் கடைக்குட்டிகளைப் பார்த்தவர். தலையை மட்டும் ஆட்டுகிறார். பையன் முகம் போன போக்கைப் பார்த்து அம்மா, "நானும் வரல கண்ணா, நாம ரெண்டு பேரும் இங்கயே இருப்போம்" என்கிறார். எட்டு ஆறாகிவிட்டது.

அடுத்தது எச்சரிக்கைப் பலகை. இதய நோய், முதுகு வலி, கழுத்து வலி, கர்ப்பம். தாத்தாவும் பாட்டியும் பலகையை முழுசாகப் படிக்கக்கூட இல்லை, நிழல் தேடிப் போய்விட்டார்கள். அத்தை வாயும் வயிறுமாக இருக்கிறார், கேட்கவே வேண்டாம். அப்பாவுக்குக் கழுத்துப் பட்டை போட்டு இறக்கியே மாதம் ஒன்றுதான் ஆகிறது. மிச்சம் யார்? பெரியவனும் சித்தப்பாவும். அந்த இரண்டு பேரும் வரிசையில் ஒரு மணி நேரம் நின்று, இரண்டு மூன்று நிமிடம் பறந்துவிட்டு வருகிறார்கள். வந்ததும், "செம்ம! நீங்க மிஸ் பண்ணிட்டீங்க!" என்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் ஆறு பேர் மூஞ்சியையும் பாருங்கள். இதற்குப் பெயர் குடும்ப வாரஇறுதியா? இரண்டு பேர் ஏற, ஆறு பேர் வழியனுப்ப வந்த கதை இது.

நண்பர் உடனே சொல்வார், "மாற்றி மாற்றி ஏறலாமே, அதற்குப் பூங்காவிலேயே வசதி இருக்கிறதே" என்று. உண்டு, ஒத்துக்கொள்கிறேன். கணவர் ஏறி இறங்கும்வரை மனைவி குழந்தையோடு நிற்கலாம். பிறகு மறுபடி வரிசையில் நிற்காமல் மனைவி ஏறலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கு என்ன அர்த்தம்? உங்கள் குடும்பம் ஒரே வண்டியில் ஏற முடியாது என்பதை அந்தப் பூங்காக்காரர்களே ஒத்துக்கொண்டுவிட்டார்கள். எதிரணி மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

கோஸ்டர் பிறக்கும்போது இப்படி இல்லை. 1884-இல் லமார்கஸ் தாம்சன் என்பவர் நியூயார்க்கின் கோனி தீவில், மேடு பள்ளமாகச் சரிந்து ஓடும் ஒரு ஸ்விட்ச்பேக் ரயில் போட்டார். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் தேறாது. பெஞ்சில் பக்கவாட்டாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே போனார்கள். அதில் பாட்டியை ஏற்றுங்கள், நானே கை பிடித்து ஏற்றிவிடுகிறேன். அதற்குப் பிறகுதான் உயரப் போட்டி வந்தது, வேகப் போட்டி வந்தது. அபுதாபியில் 2010-இல் திறந்த ஃபார்முலா ரோசா மணிக்கு 240 கிலோமீட்டரில் போகிறது. தூசியும் பூச்சியும் அடிக்கும் என்று கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிவிடுகிறார்கள். வண்டியின் வேகம் ஏற ஏற, வண்டியில் ஏறும் சொந்தக்காரர்கள் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. நண்பர் புகழ்ந்த பொறியியலை நான் குறை சொல்லவில்லை. சங்கிலி இழுத்து மேலே ஏற்றும்போது கேட்கிற அந்த டக் டக் டக் சத்தம் இருக்கிறதே, அது வண்டி பின்னால் சரியாமல் காக்கிற பற்களின் சத்தம். தண்டவாளத்துக்கு மேலே, பக்கத்தில், கீழே என்று மூன்று பக்கமும் சக்கரம் வைத்துக் கவ்விப் பிடித்திருக்கிறார்கள். அற்புதம்தான். கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் கும்பிட்ட கையோடு பாட்டியை அதில் ஏற்ற முடியுமா என்பதுதான் இன்றைக்கு வழக்கு.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் ஒரு படி மேலே போய், ரோலர் கோஸ்டர் மருந்து என்றார். சிறுநீரகக் கல் இறங்குகிறதாம், ஆராய்ச்சியே இருக்கிறதாம். இருக்கிறது, நடுவர் அவர்களே, 2016-இல் வந்தது. ஆனால் அவர் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிட்டார். ஃப்ளோரிடாவில் டிஸ்னி பூங்காவின் பிக் தண்டர் மவுண்டன் கோஸ்டரில் ஆராய்ச்சியாளர்கள் ஏறியது உண்மை. கல் இருந்தது எங்கே? சிலிக்கோனில் செய்த ஒரு மாதிரிச் சிறுநீரகத்தில். அந்தச் சிறுநீரகம் இருந்தது எங்கே? முதுகுப் பையில். கடைசி வரிசையில் உட்கார்ந்தபோது சுமார் 64 விழுக்காடு கல் நகர்ந்தது. முன்வரிசையில் 17 விழுக்காடுதான். அதைவிட மூர்க்கமான கோஸ்டர்களில் முயன்றபோது பலிக்கவில்லை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். 2018-இல் இதற்கு இக் நோபல் பரிசும் கொடுத்தார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது. நண்பர் சிரிக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டார் போலிருக்கிறது. குடும்பத்தில் எல்லோருக்கும் கல் இருந்து, எல்லோருக்கும் கடைசி வரிசையிலேயே இடமும் கிடைத்தால், அப்போது அவரிடம் வாருங்கள்.

சரி, உயரமும் சரியாக இருக்கிறது, உடம்பும் சரியாக இருக்கிறது, அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். தோளில் ஒரு கம்பி இறங்கி அமுக்குகிறது. தலை திரும்பாது. எல்லோர் முகமும் முன்னால் பார்த்தபடி. காற்று வாயை அடைக்கிறது. பக்கத்தில் இருக்கிற மகள் சிரிக்கிறாளா, அழுகிறாளா? வெளியே வந்து, போட்டோ மாட்டியிருக்கும் திரையில் பார்த்தால்தான் அப்பாவுக்கே தெரியும்! அந்தப் போட்டோவில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார் என்பது வேறு விஷயம். தனித்தனியாகப் பயந்த இரண்டு பேர் ஒரே வண்டியில் போனார்கள், அவ்வளவுதான்.

இப்போது என் பக்கம் வாருங்கள். ரேப்பிட்ஸ் சவாரி பார்த்திருப்பீர்கள். பெரிய வட்டப் படகு. சுற்றிலும் காற்றடைத்த ரப்பர் வளையம். நடுவைப் பார்த்தபடி இருக்கைகள். இதன் முதல் வடிவம் 1980-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆஸ்ட்ரோவேர்ல்டு பூங்காவில் வந்தது; தண்டர் ரிவர் என்று பெயர். செய்தது இன்டமின் என்ற நிறுவனம். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வருவேன்.

இந்தப் படகுக்குத் தண்டவாளம் கிடையாது. ராட்சத பம்புகள் தண்ணீரை மேலே ஏற்றிக் கால்வாயில் விடுகின்றன. அது ஓடுகிற போக்கில் படகும் ஓடுகிறது. வழியில் தடைகள் வைத்து அலை எழுப்புகிறார்கள். படகு சுவரில் முட்டும், சுழலும், யார் முன்னால் போகிறார் யார் பின்னால் போகிறார் என்று சொல்லவே முடியாது. கோஸ்டர் நூறு தடவை போனாலும் அதே வளைவில் அதே பக்கம்தான் சாயும். படகு அப்படியில்லை. தூரத்தில் அருவி தெரிகிறது. யாருடைய முதுகு அந்தப் பக்கம் திரும்பப் போகிறது? படகுக்கே தெரியாது!

அந்த நேரம் குடும்பத்தைப் பார்க்க வேண்டும், நடுவர் அவர்களே. "ஐயோ உன் பக்கம்தான் வருது!" "இல்ல இல்ல, தாத்தா பக்கம் திரும்புது!" வீட்டில் ஆளுக்கொரு மொபைலோடு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தவர்கள் இவர்கள்தானா என்று சந்தேகம் வந்துவிடும். மொபைல் எங்கே? லாக்கரில் பூட்டிக் கிடக்கிறது! அடம் பிடித்து நனையாத இடமாகப் பார்த்து உட்கார்ந்த மாமா இருப்பாரே, எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார், கடைசி நொடியில் படகு ஒரு அரைச் சுற்றுச் சுற்றி, மொத்த அருவியும் அவர் தலையில்தான் கொட்டும். பக்கத்தில் இருந்த மருமகன் மேல் ஒரு சொட்டுக்கூட விழாது. மாமனார் நனைந்ததைப் பார்த்து மருமகன் வாய்விட்டுச் சிரிக்க உலகத்தில் வேறு எந்த இடத்தில் அனுமதி இருக்கிறது, சொல்லுங்கள்? பல இடங்களில் பாலத்தின் மேல் நிற்பவர்கள் கூடப் பொத்தானை அழுத்திப் படகில் வருபவர்கள் மேல் தண்ணீர் பீய்ச்சலாம். ஏறாதவருக்கும் ஆட்டத்தில் பங்கு!

நீர்ச் சவாரியிலும் எச்சரிக்கைப் பலகை உண்டு. அத்தையைப் படகில் ஏற்ற முடியாது, முதுகு வலிக்காரரும் யோசிக்க வேண்டும். இல்லை என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் பெரிய கோஸ்டரில் விலகி நின்ற கடைக்குட்டி, பல பூங்காக்களில் பெரியவர் துணையோடு படகில் ஏறலாம். படகும் வேண்டாம் என்பவருக்கு லேசி ரிவர் இருக்கிறது: டியூபில் சாய்ந்தால் ஓடை தானாக இழுத்துக்கொண்டு போகும். கோஸ்டர் பக்கம் வந்தால் ஏறு அல்லது ஏறாதே, இரண்டே வாசல்தான். குட்டிக் கோஸ்டர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதில் பதினைந்து வயதுப் பையனை உட்காரச் சொல்லிப் பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் உங்களோடு பேச மாட்டான்.

வரலாறே ஒருமுறை இந்த வழக்கை விசாரித்திருக்கிறது. ரப்பர் உடுப்பில் காற்றடைத்துக்கொண்டு 1875-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த பால் பாய்ட்டன் என்கிற துணிச்சல்காரர், 1895-இல் கோனி தீவில் சீ லயன் பார்க் திறந்தார். அங்கே இரண்டும் இருந்தன. ஒன்று, ஃபிளிப் ஃப்ளாப் என்ற தலைகீழ்க் கோஸ்டர். வளையத்தை முழு வட்டமாகவே போட்டுவிட்டார்கள். உள்ளே நுழைந்த வேகத்தில் கழுத்தை ஒடிப்பதுபோல் இழுத்தது. துளி வடிவ வளையம் வந்து அந்தக் கோளாறு தீர 1976 வரை ஆனது. இன்னொன்று, சரிவில் சறுக்கிக் குளத்தில் பாயும் தட்டையான படகு, ஷூட் த சூட்ஸ். 1902 கோடையில் மழை பெய்து வியாபாரம் படுத்துவிட, பூங்கா கை மாறியது. புதிதாக வந்தவர்கள் ஃபிளிப் ஃப்ளாப்பை இடித்தார்கள். படகை மட்டும் வைத்துக்கொண்டு, 1903-இல் லூனா பார்க் என்று புதுப் பெயரில் திறந்தார்கள். முதல் போட்ட வியாபாரிகள் சொன்ன தீர்ப்பு அது!

இன்டமின் என்றேனே. 139 மீட்டர் உயரம், மணிக்கு 206 கிலோமீட்டர் என்று நண்பர் நாக்கில் தண்ணீர் ஊறப் பேசிய கிங்டா கா கோஸ்டரைச் செய்ததும் அதே நிறுவனம்தான். 2005-இல் திறந்தார்கள், 2025 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். முதல் வட்டப் படகும் 2005-இல் பூங்காவோடு மூடப்பட்டது என்று எதிரணி எழுந்து சொல்லும், அதை நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தப் படகின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று உலகமெங்கும் மிதக்கிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 2014-இல் கான்சஸ் நகரில் 51 மீட்டர் உயரத்துக்கு வெருக்ட் என்று ஒரு நீர்ச் சறுக்கு கட்டினார்கள். 2016-இல் அதில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். மூடினார்கள், 2018-இல் இடித்தார்கள். இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. உலகத்திலேயே உயரமானது எங்களுடையது என்ற பட்டத்துக்காகத் தண்ணீரும் கோஸ்டரின் வழியில் ஓடிய இடம் அது. நான் வாதாடுவது அந்த உயரத்துக்காக அல்ல, மெதுவாகச் சுழலும் படகுக்காக.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே, ஒரு நிமிடம். கோஸ்டர் தைரியம் வளர்க்கும் என்றார்கள். வரிசையில் அழுதுகொண்டே நிற்கிற பிள்ளையை, "ஆம்பளப் பையன் பயப்படலாமா" என்று இழுத்துக்கொண்டு போய்க் கட்டி வைப்பதற்குத் தைரியம் என்று பெயரில்லை. ஈரத் துணியோடு திரும்ப வேண்டுமே என்றும் கேட்டார்கள். மாற்றுத் துணி எடுத்து வைக்கலாம். துண்டு எடுத்து வைக்கலாம். 12 சென்டிமீட்டர் உயரம் குறைகிற பிள்ளைக்கு எதை எடுத்து வைப்பீர்கள்? அடுத்துப் பேச வருகிற எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.