ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை

வணக்கம். இன்றைக்கு நான் தரையில் உட்கார்ந்து பேசுகிறேன், கவனித்திருப்பீர்கள். மேஜையை வேண்டுமென்றே தவிர்த்தேன். ஏனென்றால் பேசப்போகிற விஷயம் ஒரு மேஜையில் நடந்தது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் என் பள்ளிக்கூடம்.

எட்டு வயதில் என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். இனி வீட்டிலேயே படிப்பு என்றார்கள். முதல் வருடம் பாடம் நடந்தது. அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள், அப்புறம் எப்போதாவது, பிறகு இல்லவே இல்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் மட்டும் புத்தகங்கள் மேஜைக்கு வரும். "நன்றாகப் படிக்கிறாயா?" என்று கேட்பார்கள். "படிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும், சொன்னேன். அவர்கள் கிளம்பியதும் புத்தகங்கள் அலமாரிக்குள் போய்விடும். இப்படிப் பதினொரு வருடம்.

ஹோம்ஸ்கூலிங் முறை மீதே எனக்குக் கோபம் இல்லை. அதை அக்கறையோடு செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன, அப்படிப் படித்து மிக நன்றாக இருப்பவர்களை எனக்குத் தெரியும். நான் பேசுவது அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு குழந்தையைக் கவனிக்காமல் விடுவதையும், அடித்து அடக்கி வைப்பதையும், அப்படி வளர்ந்தவர்களுக்குத் தெரபி, அதாவது மனநல சிகிச்சை, எப்படி உதவலாம் என்பதையும் பற்றி. பள்ளிக்குப் போகிற பிள்ளையை வீட்டார் அல்லாத ஒரு பெரியவர் தினமும் பார்க்கிறார். கையில் காயம் இருந்தால், சாப்பிடாமல் வந்திருந்தால், அவர் கண்ணில் படும். எங்களைப் பார்க்க அப்படி யாரும் இல்லை. எனக்குத் தூரப் பார்வை சரியில்லை என்பது இருபது வயதில்தான் தெரிந்தது. வீட்டில் கரும்பலகை கிடையாதே, தூரத்தில் இருக்கிற எதையும் யாரும் என்னைப் படிக்கச் சொன்னதில்லை.

தெரபிக்கு நான் போனது இருபத்தாறு வயதில். முதலில் பார்த்தவர் நல்ல மனிதர்தான். ஆனால் நான் வீட்டிலேயே படித்தேன் என்றதும், "பள்ளிக்கூடத்துத் தொல்லையே இல்லாமல் வளர்ந்திருக்கிறீர்கள், கொடுத்து வைத்தவர்" என்றார். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. அடித்தார்களா, குடித்தார்களா என்றெல்லாம் கேட்டார். இல்லை, இல்லை என்றே சொன்னேன். இரண்டாவது தடவையோடு நிறுத்திவிட்டேன். பொய் சொல்லி ஒருவரை ஏமாற்றுகிறோம் என்ற குற்ற உணர்வோடு வீடு திரும்பியது இன்னும் நினைவிருக்கிறது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1995 முதல் 1997 வரை பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களின் சிறுவயதைப் பற்றிக் கேட்டு நடத்திய ஆய்வு ஒன்று இருக்கிறது. ஏஸ் (ACE) ஆய்வு என்பார்கள், சிறுவயதுப் பாதிப்புகளைப் பற்றியது என்று பொருள். சிறுவயதில் பட்ட பாடு பிற்கால உடல்நலம் வரைக்கும் தொடர்கிறது என்பதை உலகம் கவனித்தது அதற்குப் பிறகுதான். அதை ஒட்டி வந்த பத்துக் கேள்விப் பட்டியலில் உடல், மனம் இரண்டையும் புறக்கணிப்பது பற்றி உண்டு. படிப்பே தராமல் விடுவது பற்றி ஒரு கேள்விகூடக் கிடையாது. அந்தப் பட்டியலை நானும் நிரப்பிப் பார்த்தேன். எனக்குப் பொருந்தியது ஒன்றே ஒன்று. "பார், உனக்கு ஒன்றும் நடக்கவில்லை" என்று அதையே எனக்கு எதிராக வைத்துக்கொண்டேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தப் பட்டியல் கேட்காத விஷயங்களும் நடந்திருக்கலாம்.

இரண்டாவதாகப் பார்த்தவரிடம்தான் இன்றும் போய்க்கொண்டிருக்கிறேன். என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. "உங்களுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும்? காலையில் எழுந்ததிலிருந்து சொல்லுங்கள்" என்றார். அவ்வளவுதான் கேள்வி. நான் சொல்ல ஆரம்பித்தேன். எழுந்தேன், தம்பிக்கும் தங்கைக்கும் சாப்பாடு கொடுத்தேன், அம்மா அறையை விட்டு வரவில்லை, ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்? ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்? அந்த ஒரு நாளைச் சொல்லி முடிக்க மூன்று சந்திப்புகள் ஆயின. பாதியில் நானே நிறுத்தி, "இந்த நாளில் யாருமே என்னிடம் பேசவில்லை" என்றேன். அதுவரை அது எனக்கே தெரியாது.

அடி விழுந்தால் அதற்கு ஒரு நாள், ஒரு நேரம், ஒரு காரணம் என்று சொல்ல இருக்கும். கவனிக்காமல் விட்டதற்கு அப்படி எதுவும் இருக்காது. நடக்காமல் போனதை எந்தத் தேதியில் வைத்துச் சொல்வது? அதனால்தான் இந்த மாதிரி வளர்ந்தவர்களிடம் சம்பவங்களைக் கேட்காமல் நாட்களைக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அடுத்து வந்தது வீட்டுப்பாடம். சிபிடி (CBT) என்கிற, நம் எண்ணங்களையும் பழக்கங்களையும் ஆராய்ந்து மாற்றப் பழக்குகிற சிகிச்சை முறையில் வாரா வாரம் தாளில் எழுதிக்கொண்டு வரச் சொல்வார்கள். என்ன நடந்தது, என்ன நினைத்தீர்கள், அது எவ்வளவு உண்மை என்று கட்டம் கட்டமாக இருக்கும். பலருக்கு மிகவும் பயன்படுகிற முறை. எனக்கு அந்தத் தாளைக் கையில் வாங்கியதுமே காது சூடாகி, விரல்கள் சில்லிட்டுப் போயின. சந்திப்புக்கு முந்தைய ராத்திரி உட்கார்ந்து ஏழு பக்கத்தையும் அழகான கையெழுத்தில் நிரப்பினேன். எல்லாம் பொய். நல்ல நோயாளி எழுதக்கூடியதை எழுதினேன். விருந்தாளிக்காக மேஜையில் புத்தகம் எடுத்து வைத்த அதே வேலை. அவர் படித்துவிட்டு, "இதை யாருக்குக் காட்ட எழுதினீர்கள்?" என்று மெதுவாகக் கேட்டார். நான் அழுதுவிட்டேன். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம்: தாளைக் காலியாகக் கொண்டுவரலாம், தப்பாக எழுதலாம், கிழித்துக்கூடக் கொண்டுவரலாம். காலித் தாளோடு போய் அவர் முன்னால் உட்கார எனக்கு நான்கு மாதம் பிடித்தது. என் சிகிச்சையில் பெரிய நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

உங்கள் தெரபிஸ்ட் ஆசிரியர் மாதிரி தோன்ற ஆரம்பித்தால் அதை அவரிடமே சொல்லிவிடுங்கள். நமக்குப் பெற்றோரும் ஆசிரியரும் ஒரே ஆள். ஒருவரிடம் தப்புச் செய்தால் போய் நிற்க இன்னொருவர் இல்லை. அதனால் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கிற யாரைப் பார்த்தாலும் உடம்பு பழைய மாதிரியே பதில் சொல்லப் பார்க்கும்.

சரி, நோயின் பெயர்களைப் பற்றிச் சுருக்கமாக. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பிடிஎஸ்டி (PTSD) என்பது பெரிய அதிர்ச்சி ஒன்றின் நினைவும் பயமும் பிறகும் விடாமல் துரத்துகிற நோய். அதன் சிக்கலான வகையான காம்ப்ளெக்ஸ் பிடிஎஸ்டி அந்தப் பட்டியலில் தனி நோயாக இருக்கிறது. தப்பிக்க வழியில்லாமல் நெடுநாள் கொடுமையில் இருந்தவர்களிடம் இது அதிகம் வருவது. வழக்கமான பிடிஎஸ்டி அறிகுறிகளோடு, உணர்ச்சிகளைக் கட்டுக்குள் வைக்க முடியாமல் போவது, தன்னைக் கேவலமாக நினைப்பது, மனிதர்களோடு நெருங்கிப் பழக முடியாமல் போவது ஆகியவையும் சேர்ந்திருக்கும். எனக்கு அந்த நோய் இருப்பதாக யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் அது இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் அடி, மிரட்டல் நினைவுகள் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் ட்ராமாவுக்கான, அதாவது மன அதிர்ச்சிக்கான சிபிடி, கண்களை இடமும் வலமும் அசைத்தபடி பழைய நினைவை மனதில் கொண்டுவரச் சொல்கிற இஎம்டிஆர் (EMDR) சிகிச்சை, இரண்டையும் பற்றி விசாரியுங்கள். பெரியவர்களின் பிடிஎஸ்டிக்கு இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்திருக்கிறது.

எடுத்த எடுப்பில் பழைய நினைவுகளைக் கிளறாதீர்கள். ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் 1992இல் மீட்சியை மூன்று கட்டமாகச் சொன்னார்: முதலில் பாதுகாப்பு, அடுத்து நினைவுகூர்வதும் துக்கமும், கடைசியில் மீண்டும் மனிதர்களோடு சேர்வது. இன்னும் அந்த வீட்டிலேயே இருப்பவர்களுக்கு, செலவுக்கு அவர்களையே நம்பியிருப்பவர்களுக்கு, முதல் கட்டம்தான் முக்கியம். பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் உங்கள் கையில் இருக்கிறதா? பல பேருக்கு இருக்காது. அதைச் சரிசெய்வதற்கே தெரபியில் சில வாரம் செலவழித்தாலும் தப்பில்லை.

படிப்பு விஷயமும் அந்த அறைக்குள் வந்தது. இருபத்தெட்டு வயதில் எனக்குப் பின்னக் கணக்குத் தெரியாது. 1/2 + 1/3 என்று எழுதியிருப்பதைப் பார்த்தாலே தலை சுற்றும். கற்றுக்கொள்ளச் சேர்ந்த வகுப்பில் முதல் நாளே எழுந்து வந்துவிட்டேன். பிறகு தெரபிஸ்ட் முன்னால் ஒரே ஒரு கணக்கை இரண்டு நிமிடம் பார்ப்பது, மூடி வைப்பது என்று தொடங்கினோம். போடக்கூட வேண்டாம், பார்த்தால் போதும். அப்புறம் ஐந்து நிமிடம். பயம் குறைந்த பிறகு கணக்கைக் கற்றுக்கொள்ள எடுத்தது ஒரே மாதம். நான் மக்கு என்று இருபது வருடமாக நம்பியிருந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான் விஷயம். அது தெரிந்த அன்றைக்கு சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வந்தது துக்கம்.

கென்னத் டோகா என்ற ஆய்வாளர் 1989இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் சொன்னால், பிறர் அங்கீகரிக்காத துக்கம். கிடைக்காமல் போன வகுப்புத் தோழிக்காக அழுதால் யார் துக்கம் விசாரிக்க வருவார்கள்? பெற்றவர்களை மன்னித்துவிடு, அவர்களும் பாவம்தானே என்பார்கள். அம்மாவுக்கும் உடம்பு முடியவில்லை, இன்றைக்கு எனக்கு அது புரிகிறது. அம்மா மேல் பாசமும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. இரண்டில் ஒன்றை விடச் சொல்லி என் தெரபிஸ்ட் ஒருநாளும் கேட்டதில்லை. உங்களுடையவர் மன்னிப்பை அவசரப்படுத்தினால், வேறு ஒருவரைப் பாருங்கள். முதல் போனிலேயே, "சிறுவயதில் புறக்கணிக்கப்பட்டவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா?" என்று கேட்டுவிடலாம். பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம் என்பதே எனக்கு அப்போது தெரியாது. சிறுவயதில் ஆசிரியரை மாற்றுவதற்கு வழியே இருந்ததில்லையே.

போன வாரம் தங்கையிடம் இந்த செவ்வாய்க்கிழமை கேள்வியைப் பற்றிச் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "என்னுடையதைச் சொல்லட்டுமா?" என்றாள். அவளுடைய நாளில் ஜன்னல் இல்லை. காலையிலிருந்து ராத்திரி வரை நான் இருந்தேன். "நீ எனக்குக் கதை சொல்வாயே" என்றாள். எனக்கு ஒன்றுகூட நினைவில்லை. வியாழக்கிழமை மறுபடி போன் பேசுவதாக இருக்கிறோம், அவளுக்கு மூன்று கதைகள் ஞாபகம் இருக்கிறதாம்.