புது ஆமை வந்தாச்சு: டாக்டரிடம் காட்டணுமா?

(காட்சி: சமையலறைத் தராசு. அதன்மேல் கவிழ்த்து வைத்த சின்னக் கிண்ணம். கிண்ணத்தின்மேல் கால்கள் காற்றில் துழாவ ஒரு சல்காட்டா ஆமைக் குஞ்சு. எண் 43 கிராமில் நிற்கிறது.)

நாய்க்குட்டி வாங்கினால் தடுப்பூசிக்காகவாவது டாக்டரிடம் போயே ஆக வேண்டும். ஆமைக்குப் போடுவதற்குத் தடுப்பூசி எதுவும் கிடையாது. அதனால் "நல்லாத்தானே சாப்பிடுது, எதுக்கு டாக்டர்?" என்று கேட்பது இயல்புதான். ஆனாலும் புது ஆமையை ஒரு தடவை காட்டத்தான் வேண்டும். அதற்குப் பிறகு எப்போது போக வேண்டும் என்பதைப் பெரும்பாலும் இந்தத் தராசே சொல்லிவிடும்.

இங்கே பேசுவது சல்காட்டாவைப் பற்றி. சஹாராவின் தெற்கு ஓரத்து நில ஆமை இது. இப்போது உள்ளங்கைக்குள் அடங்கும், வளர்ந்தால் 40, 50 கிலோ வரும். (அதை யோசித்துத்தான் வாங்கினீர்களா என்பதற்குத் தனி வீடியோ போட வேண்டும்.)

(காட்சி: நட்சத்திர ஆமையின் ஓடு, நெருக்கத்தில்.)

கறுப்பு ஓட்டில் நட்சத்திரம் போல மஞ்சள் கோடுகள் விரிகிறதா? அப்படியானால் அது நம்மூர் நட்சத்திர ஆமையாக இருக்க வாய்ப்பு அதிகம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வாங்குவது, விற்பது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். பேச வேண்டியது வனத்துறையிடம். சல்காட்டா வெளிநாட்டு இனம்தான், ஆனால் சைட்டிஸ் என்ற பன்னாட்டு வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பது. அதனால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்றவரிடம் பில்லும் காகிதங்களும் கேட்டு வாங்கி வையுங்கள்.

(காட்சி: மூடியுள்ள சின்ன பிளாஸ்டிக் டப்பா, ஐஸ்கிரீம் குச்சி.)

முதல் வாரத்தில் ஆமையை எங்கும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். மலத்தை மட்டும் கொண்டுபோனால் போதும். வெதுவெதுப்பான தண்ணீரில், தாடை மூழ்காத ஆழத்தில், 15 முதல் 20 நிமிடம் ஊறவிட்டால் பெரும்பாலான குஞ்சுகள் அங்கேயே மலம் கழித்துவிடும். தண்ணீரில் கரைவதற்குள் எடுத்து டப்பாவில் போட்டு, காயாமல் மூடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போனால் நல்லது. சவுக்கு போன்ற வாலால் நீந்தும் நுண்ணுயிரிகள் சூடு ஆறினதும் செத்துவிடும், பிறகு மைக்ரோஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது. புழு முட்டைகள் அப்படியில்லை, ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைத்தாலும் தாங்கும். ஃபிரீசரில் மட்டும் வைக்காதீர்கள்.

ரிப்போர்ட்டில் 'ஊசிப்புழு முட்டை, சில' என்று வந்தால் பதற வேண்டாம். தழை தின்னும் ஆமையின் குடலில் அது சகஜம். எடை ஏறிக்கொண்டிருந்தால் பல டாக்டர்கள் மருந்தே தர மாட்டார்கள், அதுதான் சரியும்கூட. எண்ணிக்கை அதிகமாக இருந்து எடையும் நின்றுபோயிருந்தால்தான் மருந்து.

மருந்து என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாய்க்கும் மாட்டுக்கும் உண்ணி, புழுவுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் ஆமையைக் கொன்றுவிடும். முதலில் கை கால் தளரும், பிறகு மூச்சு நிற்கும். வீட்டில் நாய்க்கு வாங்கியது மிச்சம் இருக்கிறதே என்று ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது.

(காட்சி: போன் பேசும் கை, பக்கத்தில் குறிப்பேடு.)

அடுத்தது டாக்டரைத் தேடுவது. நாய், பூனை பார்க்கும் எல்லாரும் ஆமை பார்ப்பதில்லை. போனிலேயே கேட்டுவிடுங்கள். தமிழில் நிலத்தில் வாழ்வதற்கும் நீரில் வாழ்வதற்கும் ஆமை என்ற ஒரே சொல்தான் என்பதால் 'நில ஆமை' என்று அழுத்திச் சொல்லுங்கள். மீன் கடையில் விற்கும் சிவப்புக் காது நீர் ஆமைக்குக் கண் வீங்கினால் வைட்டமின் ஏ குறைவு ஒரு முக்கியக் காரணம். தழை தின்னும் நில ஆமைக்கு அந்தக் குறை அபூர்வம். அதே கணக்கில் இதற்கும் வைட்டமின் ஏ ஊசி போட்டு அளவு மீறினால் தோல் உரிந்து தொங்கும். புழுவுக்கு என்ன மருந்து தருவீர்கள் என்றும் கேளுங்கள். ஐவர்மெக்டின் என்று பதில் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடலாம்.

நன்றாக இருக்கிற குஞ்சை இரண்டு மூன்று வாரத்துக்குள் காட்டினால் போதும். மூக்கில் குமிழ் வருவது, வாயைத் திறந்து கழுத்தை நீட்டி மூச்சு வாங்குவது, கண் திறக்காமல் இருப்பது, சூடு சரியாக இருந்தும் இரண்டு மூன்று நாள் தீனி தொடாதது, இதில் எதைப் பார்த்தாலும் அன்றைக்கே கிளம்புங்கள். நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருப்பது போன்ற தசைத் திரை (உதரவிதானம்) ஆமைக்கு இல்லை. அதனால் இருமிச் சளியை வெளியே தள்ளவும் முடியாது. மூக்கொழுகல் நுரையீரலுக்கு இறங்கிவிட்டால் திரும்ப எடுப்பது கஷ்டம். ஏசி அறையில் வைத்த குஞ்சுகளுக்கு இது அடிக்கடி வருகிறது.

(காட்சி: ஓட்டின்மேல் மெல்ல அழுத்தும் கட்டைவிரல்.)

போனால் டாக்டர் பார்ப்பது வாய், கண், மூக்கு, அலகு, ஓடு. சில மாதக் குஞ்சின் அடி ஓடு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அது பரவாயில்லை. ஒரு வயதைத் தாண்டியும் முதுகு ஓடு அமுங்கினால் சுண்ணாம்புச் சத்தோ புற ஊதா ஒளியோ போதவில்லை. 43 கிராம் குஞ்சுக்கு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் வழக்கமாகத் தேவையில்லை. சிறுநீரோடு வரும் வெள்ளைக் கழிவு பசை போல இல்லாமல் மணல் போல நறநறவென்று இருந்தால் தண்ணீர் போதவில்லை. வளர்ந்த சல்காட்டா அதோடு முக்கவும் செய்தால் சிறுநீர்ப்பையில் கல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்கத்தான் வேண்டும்.

பாதி நேரம் பேச்சு வளர்ப்பைப் பற்றித்தான் இருக்கும். அதனால் கூண்டின் போட்டோ, விளக்கின் பெட்டி, விளக்கிலிருந்து ஓடு வரை உள்ள தூரம், சூடான மூலையிலும் குளிர்ந்த மூலையிலும் எத்தனை டிகிரி, ஒரு வாரமாகக் கொடுத்த தீனி எல்லாவற்றையும் போனில் வைத்திருங்கள். 'ஜன்னலோரம் வெயில் வருது' என்பது கணக்கில் சேராது. கண்ணாடி புற ஊதா ஒளியைத் தடுத்துவிடும்.

வீட்டில் ஏற்கெனவே ஆமை இருந்தால் கதை வேறு. மூச்சு நோய் தரும் மைகோபிளாஸ்மா கிருமியைச் சுமக்கும் ஆமை பார்ப்பதற்குத் திடமாகவே இருக்கும். தனி அறை, தனிப் பாத்திரம், குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் ஆறு. பழையதைக் கவனித்த பிறகு புதியதைத் தொடுங்கள், மாற்றிச் செய்யாதீர்கள்.

(காட்சி: மறுபடி தராசு.)

முதல் தடவை காட்டிய பிறகு வாரம் ஒரு நாள், காலையில், ஊறவிடுவதற்கும் தீனி போடுவதற்கும் முன்னால் எடை போடுங்கள். சிறுநீர் கழித்தாலே சில கிராம் குறையும் என்பதால் நேரம் மாறக் கூடாது. கிண்ணத்தைக் கவிழ்த்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, அதன்மேல் உட்கார வைத்தால் கால் தரையில் எட்டாது, ஓடாது. 43 கிராம் இரண்டு வாரத்தில் 39-க்கு இறங்கினால் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. தீனி தின்றாலும் சரி, டாக்டருக்குப் போன் செய்யுங்கள். மாதா மாதம் ஏறிக்கொண்டே போனால் வருஷத்துக்கு ஒரு மலப் பரிசோதனையும் ஒரு தடவை காட்டுவதும் போதும்.

கொண்டுபோகும்போது காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டி, உள்ளே மடித்த துண்டு. தண்ணீர்க் கிண்ணம் வைக்காதீர்கள், குலுங்கிக் கொட்டும். காரில் ஏசிக் காற்று நேராகப் படும் இடத்தில் பெட்டியை வைக்க வேண்டாம், மதிய வெயிலில் காருக்குள் விட்டுவிட்டும் போகாதீர்கள். திரும்பி வந்ததும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா கிருமி ஆமையின்மேல் சாதாரணமாகவே இருக்கும். ஊறவைத்த தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். எடை போடும் தராசையும் இனிமேல் சமையலுக்கு எடுக்க வேண்டாம், ஆமைக்கென்று ஒதுக்கிவிடுங்கள்.